விதை போட்டு வளர்க்கும் பூப்பாத்திக்கு மூடாக்கு எப்போது போடுவது?

முல்லைப்பந்தல்:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பாத்தி எடுத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். முதல் பாத்தியில் சூரியகாந்தி, ஜீனியா, காஸ்மோஸ், டேபிள் ரோஸ் நான்கையும் நேராக மண்ணிலேயே விதைத்தேன். மூடாக்கு போட்டால் ஈரம் காயாது, களை வராது என்று படித்திருந்ததால், விதைத்துத் தண்ணீர் தெளித்த கையோடு காய்ந்த சருகையும் வைக்கோலையும் கலந்து நாலு விரல் கனத்துக்குப் பரப்பிவிட்டேன். இன்றைக்கு 14-வது நாள். சூரியகாந்தி மட்டும் ஓரளவு முட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ஜீனியா அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏழெட்டு. காஸ்மோஸ் மூன்று. டேபிள் ரோஸ் ஒன்றுகூட இல்லை.

காலையில் மனது கேட்காமல் ஒரு கைப்பிடி சருகைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளை நூல் மாதிரி ஒரு தண்டு, என் விரல் நீளம் இருக்கும், நிமிரவே இல்லை, சருகுக்கும் மண்ணுக்கும் நடுவில் படுத்தபடி வளைந்து வளைந்து போயிருக்கிறது. நுனியில் இரண்டு இலை, வெளிறிய மஞ்சள், இன்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அது ஜீனியா. பார்த்ததும் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இரண்டாவது பாத்தியில் இன்னும் விதைக்கவில்லை. அதிலாவது சரியாகச் செய்ய வேண்டும். விதையிலிருந்து வளர்க்கிற பூச்செடிக்கு மூடாக்கு எப்போதுதான் போடுவது? போடாமலே விட்டுவிடலாமா?

ஈரமண்:
போடாமல் விட வேண்டாம் தங்கச்சி, நாள்தான் தப்பிப்போயிருக்கிறது. மூடாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நட்ட செடியை மனதில் வைத்து எழுதுகிறார்கள். நாற்று வாங்கி நட்டால் அன்றைக்கே மூடலாம், அதன் இலை ஏற்கெனவே வெயிலில் இருக்கிறது. விதை அப்படி இல்லை. வெளிச்சத்தைத் தொடும்வரை அதன் சாப்பாடு முழுக்க விதைக்குள் இருப்பதுதான், அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் மேலே வந்து இலையை விரித்தாக வேண்டும். சூரியகாந்தி விதையில் கையிருப்பு அதிகம், அதனால் உங்கள் நாலு விரல் சருகையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. டேபிள் ரோஸ் விதை தூசி மாதிரி. பெட்டூனியாவை எடுத்துக்கொண்டால் ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதை இருக்கும். அதற்குள் எவ்வளவு சாப்பாடு இருந்துவிடப் போகிறது?

இன்னொன்றும் இருக்கிறது. டேபிள் ரோஸ், பெட்டூனியா, ஸ்நாப்டிராகன் போன்றவற்றுக்கு முளைப்பதற்கே வெளிச்சம் வேண்டும். மண்ணைக்கூட மேலே போடாமல் விதையைத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுவதோடு சரி. நித்தியகல்யாணி, காலண்டுலா இரண்டும் நேர் எதிர், இருட்டில்தான் நன்றாக முளைக்கும், ஆனால் அந்த இருட்டுக்கு மேலே போடுகிற அரை சென்டிமீட்டர் மண்ணே போதும். பொதுவாக விதையின் பருமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த ஆழத்தில் விதைத்துவிட்டு மேலே இன்னொரு நாலு விரல் ஏற்றியிருக்கிறீர்கள். விதையின் கணக்கில் அது ஆழ விதைப்புதான்.

எப்போது போடுவது என்றால், நான் தேதி பார்ப்பதில்லை, செடியைப் பார்க்கிறேன். முதலில் வருகிற இரண்டு இலை விதையிலை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கப்புறம் வருவதுதான் அந்தச் செடிக்கே உரிய இலை, அது இரண்டு மூன்று ஜோடி வந்து, செடி 10 சென்டிமீட்டராவது உயர்ந்து, நெருக்கமாக இருக்கிற இடத்தில் சிலவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட்டு, களையையும் ஒரு தடவை சுத்தமாக எடுத்த பிறகுதான் மூடாக்கு. இந்த வரிசை முக்கியம். மூடாக்கு போட்டபின் கலைக்கப் போனால் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கிளற வேண்டிவரும், களை இருக்கும்போதே மூடினால் வேர்க்கிழங்கு உள்ளதெல்லாம் திரும்ப வரும். கோரை இருந்தால் இன்னும் கவனம், அது பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வருகிற ஜாதி, சருகெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

முல்லைப்பந்தல்:
ரொம்ப நன்றி அண்ணா. இப்போது முதல் பாத்தியை என்ன செய்ய? மூடாக்கு முழுக்க எடுத்துவிடவா? டேபிள் ரோஸ் செத்தேபோயிருக்குமா?

ஈரமண்:
எடுத்துவிடுங்கள், ஆனால் சாயங்காலம் எடுங்கள். வெளுத்த நாற்று இரண்டு வாரம் இருட்டில் இருந்தது, நடுப்பகல் வெயிலில் திறந்தால் கருகிவிடும். இரண்டு மூன்று நாள் மேலே ஏதாவது லேசான நிழல் கொடுங்கள். பச்சை பிடிக்கும். நீண்டுபோன தண்டு மட்டும் நீண்டதுதான், அது குட்டையாகாது, ரொம்பச் சாய்ந்ததைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு விதை புதிதாக ஊன்றுவது நல்லது. டேபிள் ரோஸ் விதை அழுகாமல் மண் மேலேயே கிடந்தால் வெளிச்சம் பட்டதும் முளைக்க வாய்ப்புண்டு. சருகை வாரும்போது மண்ணைச் சுரண்டாமல் வாருங்கள். அப்புறம் ஒரு 10 நாள் மேல்மண் காயாமல் பூவாளியால் தெளித்துப் பாருங்கள்.

விதைப்பெட்டி:
எனக்கு இதில் ஒரு மாற்றுக்கருத்து உண்டு. ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா என்ற இயற்கை விவசாயி விதையைத் தூவி மேலே வைக்கோலைப் போட்டுத்தானே வருடக்கணக்கில் பயிர் எடுத்தார்? மண்ணை வெறுமையாக விடக் கூடாது என்பதுதானே இயற்கை விவசாயத்தின் அடிப்படை? முளைக்கும்வரை வெற்று மண்ணாக விட்டால் ஒரு பலத்த மழையில் விதை அடித்துக்கொண்டு போகும், மழை விட்டபின் மேல்மண் இறுகிப் பாளம் கட்டும், அதை முட்டவும் சின்ன விதையால் முடியாது. மூடாக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு என்ன வழி?

ஈரமண்:
நல்ல கேள்வி. அவர் போட்ட விதை நெல்லும் பார்லியும், பூவிதையோடு ஒப்பிட்டால் யானைப் பருமன். அதோடு அவர் வைக்கோலை நறுக்காமல், அடுக்காமல், காற்றில் விழுந்தது மாதிரி எல்லாப் பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக எறியச் சொன்னார். வரிசையாக அடுக்கினால் முளை வெளியே வர முடியாது என்பதை அவரே அழுத்திச் சொல்லியிருக்கிறார். அப்படி இடைவெளி விட்டுக் கிடக்கிற வைக்கோலும், நறுக்கிய சருகைப் படிய வைப்பதும் ஒன்றல்ல.

ஆனால் பாளம் கட்டுவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு. அதற்கு நான் செய்வது இது. விதைத்த கோட்டின் மேல் தோட்டத்து மண்ணுக்குப் பதிலாக நன்றாக மக்கிய உரத்தைச் சல்லடையில் சலித்துப் போடுகிறேன். ஜீனியா, காஸ்மோஸுக்கு அரை சென்டிமீட்டர், சூரியகாந்திக்கு இரண்டு. மக்கிய உரம் இறுகாது, ஈரமும் பிடிக்கும், கோடு கறுப்பாகத் தெரிவதால் எங்கே விதைத்தோம் என்பதும் மறக்காது. வெயில் கடுமையாக இருந்தால் மேலே நனைத்த சணல் சாக்கை விரிக்கலாம், ஆனால் காலை மாலை இரண்டு வேளையும் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை கண்ணில் பட்ட அன்றே எடுத்துவிட வேண்டும், மீதியும் முளைக்கட்டும் என்று இன்னொரு நாள் விட்டால் முளைத்தது சாக்கு இழைக்குள் நுழைந்து, எடுக்கும்போது கையோடு வந்துவிடும். வெளிச்சம் கேட்கிற விதைகளுக்குச் சாக்கு வேண்டாம்.

விதைப்பெட்டி:
சரி, இது ஒத்துக்கொள்ளக்கூடியது. கூட ஒன்று சேர்க்கிறேன். விதைப்பதற்கு முன்னாலேயே பாத்தியைத் தயார் செய்து தண்ணீர் விட்டு ஒரு 10, 14 நாள் சும்மா விட்டால் மேல்மண்ணில் இருக்கிற களை விதையெல்லாம் முளைத்துவிடும். அதை ஆழமாகக் கொத்தாமல் மேலாகச் செதுக்கிவிட்டு உடனே விதைக்க வேண்டும். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற விதை மேலே வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். மூடாக்கு இல்லாத அந்த முதல் மூன்று நான்கு வாரத்தில் களை பாதிக்கும் மேல் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முல்லைப்பந்தல்:
இரண்டாவது பாத்தியில் இதைத்தான் செய்யப் போகிறேன். இன்றைக்கே தண்ணீர் விட்டுவிட்டேன்.

நிழல்கொடி:
யாரும் நாற்றழுகல் பற்றிப் பேசவில்லையே. எனக்குப் போன தடவை கோழிக்கொண்டை நாற்று முழுக்க அதில்தான் போனது. முளைத்து நாலாம் நாள், ஆசையோடு, தண்டை ஒட்டி ஈரச் சருகை அணைத்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு தண்ணீரில் ஊறியது மாதிரி கறுத்து, கயிறு முறுக்கியது போல இறுகி, செடி அப்படியே சாய்ந்து கிடந்தது. இலை இன்னும் பச்சையாகவே இருந்தது, அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. பித்தியம், ரைசோக்டோனியா என்று மண்ணிலேயே இருக்கிற பூஞ்சையும் பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்களும்தான் காரணம், காற்றோட்டம் இல்லாத ஈரம் அவற்றுக்கு வசதி. இளம் தண்டு தடிக்கும்வரை அதைச் சுற்றி மண் தெரிய வேண்டும், மேல்மண் இடையிடையே கொஞ்சம் உலர வேண்டும். இதற்காகவே சொல்கிறேன், பொறுக்க முடியாவிட்டால் வரிசைகளுக்கு நடுவில் மட்டும் முதலில் மூடுங்கள், செடிப் பக்கம் போகாதீர்கள்.

நத்தையும் ஒரு காரணம். பகலில் ஒளிந்துகொள்ள ஈரமான கூரை கிடைத்தால் ராத்திரி வெளியே வந்து விதையிலையை வழித்துவிடும். மூடாக்கு போடுவதற்கு முந்தின இரவு பாத்தியில் ஒரு நனைந்த பலகையைப் போட்டு வைத்துக் காலையில் புரட்டிப் பார்ப்பேன். அடியில் நாலைந்து ஒட்டியிருந்தால் அவற்றை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, இன்னும் ஒரு வாரம் மூடாக்கைத் தள்ளிப்போடுவேன்.

பழைய மண்வெட்டி:
எதைப் போடுவது என்பதும் எப்போது போடுவது என்ற அளவுக்கு முக்கியம், என் அனுபவத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். இரண்டு வருடம் முன்னால் ஒருவரிடம் வைக்கோல் கட்டு வாங்கிப் பூப்பாத்திக்குப் போட்டேன். சரியான சமயத்தில்தான் போட்டேன், செடி ஒரு சாண் இருந்தது. மூன்றாவது வாரம் சூரியகாந்தியின் நுனி இலைகள் கிண்ணம் மாதிரி உள்பக்கம் குவிய ஆரம்பித்தன. அடுத்து செண்டுமல்லி, ஜீனியா. நுனி முறுக்கிக்கொண்டு வளர்ச்சி நின்றுவிட்டது. வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில்தான் புரிந்தது, அந்த வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிற மருந்து அடித்திருக்கிறார்கள். குளோபைராலிட், அமினோபைராலிட் வகை. அது புல்லைக் கொல்லாது, ஆனால் வைக்கோலில் தங்கும், மக்கவைத்தாலும் சீக்கிரம் போகாது, அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் வரும். சூரியகாந்திக் குடும்பமும் அவரைக் குடும்பமும் இதற்கு ரொம்ப மென்மை. நாம் விதைத்து வளர்க்கிற பூவில் பாதி, ஜீனியா, காஸ்மோஸ், செண்டுமல்லி எல்லாம், சூரியகாந்திக் குடும்பம்தான்.

அதிலிருந்து எங்கே வாங்கினாலும் சோதிக்காமல் போடுவதில்லை. வைக்கோலை நறுக்கி மண்ணோடு கலந்து மூன்று தொட்டி, அதே மண்ணை வைக்கோல் இல்லாமல் மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் அவரை விதை. மூன்று வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். வைக்கோல் கலந்ததில் மட்டும் இலை சுருண்டு குவிந்தால் அந்தக் கட்டு பூப்பாத்திக்கு ஆகாது. மூடாக்கு போட எப்படியும் விதைத்து நாலைந்து வாரம் ஆகும், அந்த நேரத்தில் சோதனை முடிந்துவிடும்.

முல்லைப்பந்தல்:
இது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போதே தொட்டி வைக்கிறேன். மரத்தூள் ஒரு மூட்டை சும்மா கிடைக்கிறது, அதைப் போடலாமா?

பழைய மண்வெட்டி:
இந்தச் செடிகளுக்கு வேண்டாம் அம்மா. மரத்தூளில் கரிமம் (கார்பன்) தழைச்சத்தைப்போல (நைட்ரஜன்) சில நூறு மடங்கு இருக்கும், வைக்கோலில் அது சுமாராக 80 மடங்கு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மேல்மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மேலே கிடக்கும்வரை பாதிப்பு அந்த மெல்லிய அடுக்கோடு நின்றுவிடும், மரத்துக்கும் புதருக்கும் ஒன்றும் ஆகாது, வேர் ஆழத்தில் இருக்கிறது. விதையில் வந்த பூநாற்றின் வேரோ அந்த முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. இலை வெளிறி நின்றுவிடும். தூள் நனைந்தால் படிந்து தண்ணீரையும் இறங்க விடாது. நடைபாதைக்குப் போடுங்கள்.

ஈரமண்:
அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சருகாக இருந்தால் நொறுக்கிப் போடுங்கள், அகல இலையை முழுசாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஓடு வேய்ந்தது மாதிரி ஆகிவிடும். வெட்டிய புல் என்றால் ஒரு நாள் காயவிட்டு, ஒரு விரல் கனம் மட்டும். பச்சையாகக் குவித்தால் சூடாகி, வழுவழுவென்று அழுகி, கெட்ட வாடை வரும்.

கனம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு 2 சென்டிமீட்டர். செடி ஒரு முழம் ஆனபின் மேலும் சேர்த்து 5 சென்டிமீட்டர். பூச்செடிக்கு அதற்குமேல் தேவையே இல்லை. 1 சதுர மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் கனம் என்றால் 50 லிட்டர் சருகு, உங்கள் பாத்தி ஒவ்வொன்றுக்கும் 150 லிட்டர், அது சில வாரத்தில் படிந்துவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சேர்த்து வையுங்கள். தண்டைச் சுற்றி நாலு விரல் அகலம் வெற்று மண்ணாக இருக்கட்டும். போடுவதற்கு முந்தின சாயங்காலம் வேர்வரை இறங்குகிற மாதிரி தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் வறட்சியைத்தான் பூட்டி வைத்த மாதிரி.

மொட்டை மாடி:
தொட்டிக்கும் இதே கணக்குதானா?

நிழல்கொடி:
அதேதான், ஆனால் 2 சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொட்டியில் மூடாக்கு இருந்தால் மேலே பார்த்து ஈரம் தெரியாது, விரலை உள்ளே விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்.

முல்லைப்பந்தல்:
ஒன்பது வாரம் கழித்து வருகிறேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கு என்ன ஆனது என்று சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

முதல் பாத்தியில் மூடாக்கை வாரின எட்டாம் நாள் டேபிள் ரோஸ் முளைத்தது! சிவப்புக் குண்டூசித் தலை மாதிரி. முதலில் களை என்று நினைத்துப் பிடுங்கப் பார்த்தேன், நல்லவேளை இரண்டு இலையும் சதைப்பற்றாக இருந்ததைப் பார்த்து நிறுத்தினேன். வெளுத்த ஜீனியாவில் நான்கு பிழைத்தது, மற்ற இடத்தில் திரும்ப விதைத்தேன்.

இரண்டாவது பாத்தியில் 12 நாள் களையை முளைக்கவிட்டுச் செதுக்கி, கோடு போட்டு விதைத்து, சலித்த உரத்தால் மூடினேன். ஜீனியா ஐந்தாம் நாளே வரிசை பிடித்து வந்துவிட்டது. பிறகு மூன்று வாரம் வெற்று மண்ணைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது, தினம் காலையில் மேலே காய்ந்து கிடக்கும், சருகு மூட்டை பக்கத்திலேயே இருக்கும், கை பரபரக்கும். கலைத்தபின் ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டேன். அவரைச் சோதனையில் வைக்கோல் தேறியது, இலையெல்லாம் தட்டையாக நன்றாக விரிந்திருந்தது.

மூடாக்கு போட்ட அன்று ஒரு காரியம் செய்தேன், வேலை சுலபமானது. ஒவ்வொரு நாற்றின் மேலும் ஒரு காலி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, மேலே கவலையில்லாமல் நொறுக்கிய சருகைத் தூவி, அப்புறம் டம்ளரை நேராக மேலே தூக்கினேன். செடியைச் சுற்றி வட்டமாக மண் தெரிந்தது, இலையில் ஒரு தூசி படவில்லை. அந்த வட்டத்தை விரலால் இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன். இப்போது மூன்று வாரம் ஆகிறது. நேற்று மத்தியானம் மூடாக்குக்குக் கீழே கைவிட்டுப் பார்த்தால் மண் குளிர்ச்சியாக, உதிரியாக இருக்கிறது, பக்கத்தில் மூடாத இடம் தொட முடியாத சூடு. தினம் தண்ணீர் விட்டது மூன்று நாளைக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. லேசாகத் தெளித்தால் மட்டும் சருகு நனைகிறதே தவிர மண்ணுக்குப் போகவில்லை, அதனால் செடியடியில் நிதானமாக ஊற்றுகிறேன்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. காஸ்மோஸ் தானாகவே விதை உதிர்ந்து அடுத்த தடவை முளைக்கும் என்கிறார்களே, இந்த மூடாக்குக்கு மேலே விழுந்தால் முளைக்குமா?

தேனீக்கூடு:
பெரும்பாலும் முளைக்காது. மூடாக்கு களை விதைக்குச் செய்வதைத்தான் பூவிதைக்கும் செய்யும், அதற்குப் பாகுபாடு தெரியாது. காஸ்மோஸ், டேபிள் ரோஸ், காசித்தும்பை இவை உதிர்ந்து முளைக்க வேண்டும் என்றால், காய் முற்றும் சமயத்தில் அந்தச் செடிகளின் அடியில் மட்டும் சருகை ஒதுக்கி மண்ணைத் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் விதையைச் சேகரித்துவைத்து நீங்களே விதையுங்கள்.

நான் இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தேனீ என்றதும் நமக்குக் கூடுதான் நினைவுக்கு வரும், ஆனால் உலகத்துத் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. தரை முழுக்க மூடாக்கு போட்டால் அவற்றுக்கு இடமே இல்லை. வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு மூலையில் ஒரு சதுர மீட்டராவது கொத்தாமல், மூடாமல் விட்டுவைத்தால் உங்கள் காஸ்மோஸுக்கு வருகிற தேனீ அங்கேயே குடியிருக்கும். பென்சில் நுழைகிற அளவு ஓட்டையும் சுற்றிப் பொடிமண்ணும் தெரிந்தால் அது எறும்புப் புற்று என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

முல்லைப்பந்தல்:
முதல் பாத்தியின் கிழக்கு ஓரம், டேபிள் ரோஸ் இருக்கிற பக்கம், எப்படியும் மூடாக்கு போடாமல்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த ஒரு மீட்டரையும் அப்படியே விட்டுவிடுகிறேன். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஓட்டை எதுவும் இன்னும் இல்லை. கொத்தாமல் இருக்க ஒரு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறேன்.